சாம்ப்ளர் பேடை விரலுக்குப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பதிவு செய்த ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, வைத்து வாசிக்கும் கருவி சாம்ப்ளர். அவற்றை ஒலிக்க வைக்க விரலால் தட்டும் ரப்பர் கட்டைதான் பேட். இந்த பேடைப் பற்றி வரும் புகார்கள் நாலைந்துதான். மெல்லத் தட்டினால் சத்தம் வரவில்லை. ஓங்கித் தட்டினால் எல்லா அடியும் ஒரே மாதிரி கேட்கிறது. வேகமாக உருட்டினால் நடுவில் ஓரிரு அடி காணாமல் போகிறது. ஒன்றைத் தட்டினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து ஒலிக்கிறது. உடனே ரப்பரைத் திட்டிவிட்டு, விலை கூடிய மெஷினைத் தேடப் போகிறோம். விரல் படுவதற்கும் காதில் ஒலி விழுவதற்கும் நடுவே ரப்பர், சென்சார், திரெஷோல்ட் (எவ்வளவு மெல்லிய அடிவரை கண்டுகொள்வது என்ற எல்லை), கர்வ் (அழுத்தத்தை எண்ணாக மாற்றும் விதம்), சாம்பிளை அமைத்த விதம், பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு), ஸ்பீக்கர் என்று பல இடங்கள் இருக்கின்றன. குறை எதில் என்று தெரியாமல் ஒன்றில் கைவைத்தால் இன்னொன்று கெடும். நான் பார்த்தவரை, பேடின் மேல் விழும் பழியில் பெரும்பங்கு சாம்பிளை அமைத்த விதத்துக்குப் போக வேண்டியது.

கீழே உள்ள வரிசையிலேயே செய்துகொண்டு போங்கள். அகாய் எம்பிசி, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மஷீன், ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2, கணினியோடு இணைக்கும் சாதாரண யூஎஸ்பி பேட் கன்ட்ரோலர், எதுவானாலும் சரி. மெனுவில் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

படி 1: பேடுக்கு அடியில் என்ன இருக்கிறது?

டிரம் மெஷின் வடிவமைப்பாளர் ரோஜர் லின் 1984இல் கொண்டுவந்த லின் 9000 மெஷினிலேயே அடியின் வேகத்தை உணரும் பேடுகள் இருந்தன. அவருடைய கம்பெனி மூடப்பட்ட பிறகு அகாயுடன் சேர்ந்து அவர் வடிவமைத்த எம்பிசி60, 1988இல் வெளிவந்தது. நாலுக்கு நாலு கட்டத்தில் 16 ரப்பர் பேடுகள். இன்று எந்தக் கடையில் எந்த பேட் மெஷினைப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே கட்டம்தான்.

மேலே தெரிவது சிலிகான் ரப்பர். அதற்கு அடியில் பல மெஷின்களில் எஃப்எஸ்ஆர் எனப்படும் மெல்லிய சென்சார் தாள் இருக்கும். அழுத்தம் கூடக் கூட அதன் மின்தடை குறையும். மெஷின் ஒவ்வொரு பேடையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்து, அழுத்தம் ஏறும் அந்தச் சில மில்லி விநாடியை அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. அதுதான் வெலாசிட்டி. இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி தரம் 1983இல் வந்ததிலிருந்து பெரும்பாலான கருவிகளில் இந்த அளவு அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சென்சாருக்குத் தெரிவது அழுத்தம் மட்டுமே. விரல் எங்கே பட்டது, நகம் பட்டதா சதை பட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஓரத்தில் தட்டினால் ஒலியின் குணம் மாறாது, எண் குறையும், அவ்வளவுதான். இரண்டு, இவை விரலுக்காகச் செய்தவை. மெல்லிசை மேடைகளில் குச்சியால் வாசிக்கும் ஆக்டாபேட் வகை வேறு. அந்தப் பழக்கத்தில் இருப்பவர்கள் குச்சியை இங்கே கொண்டுவராதீர்கள், சென்சார் தாள் நசுங்கும்.

வாங்கும் முன் இன்னொன்று பாருங்கள். எல்லா பேடும் வெலாசிட்டி தராது. 2009இல் வந்த முதல் லாஞ்ச்பேட் கன்ட்ரோலரில் 64 பேடுகள் இருந்தன, ஆனால் தட்டும் பலம் எதிலும் பதிவாகாது. பாட்டின் பகுதிகளை ஓடவிட அது போதும், டிரம்ஸ் வாசிக்கப் போதாது.

படி 2: கடையிலேயே கையால் சோதியுங்கள்

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) ஒலியை வைத்துச் சோதியுங்கள். டெமோ பாட்டைக் கேட்டால் ஒன்றும் தெரியாது.

சுண்டுவிரலின் எடையை மட்டும் பேடின் மேல் விழவிடுங்கள், ஒலி வருகிறதா? அடுத்து நாலு மூலைகளிலும் ஒரே பலத்தில் தட்டுங்கள். நடுவைவிடக் கொஞ்சம் குறைவது சகஜம், மூலையில் ஒன்றுமே வராவிட்டால் யோசிக்க வேண்டும். பிறகு இரண்டு விரலால் ஒரே பேடில் மாற்றி மாற்றி வேகமாக உருட்டுங்கள், அடி விடுபடுகிறதா என்று கேளுங்கள். ஒரு பேடை அழுத்திப் பிடித்துக்கொண்டே அதன் நாலு பக்கத்துப் பேடுகளையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். கடைசியாக 16 பேடுகளையும் ஒரே பலத்தில் வரிசையாகத் தட்டுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் முக்கியம். எந்த மெஷினிலும் முதலில் தேய்வது கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் வைத்து வாசித்த பேடுகள். எம்பிசியில் அவை பெரும்பாலும் கீழ் வரிசையில் இருக்கும்.

ரப்பர் கெட்டியாக இருப்பதா மெத்தென்று இருப்பதா எது நல்லது என்று கேட்பார்கள். மெத்தென்ற ரப்பர் விரலுக்குச் சுகம், ஆனால் வேகமாக உருட்டும்போது விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும். கெட்டியானது விரலைத் திருப்பி அனுப்பும், இரண்டு மணி நேரம் வாசித்தால் மூட்டு வலிக்கும். எனக்குக் கெட்டி பிடிக்கும். இது ருசி சார்ந்தது, அடுத்தவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

படி 3: எண்களைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். காதை நம்பி பேடை எடைபோட முடியாது. காதில் விழுவது பேடும் சாம்பிளும் கலந்த விளைவு.

அடிகளைத் தானாகத் தாளக் கட்டத்துக்கு நகர்த்தும் குவான்டைஸை அணையுங்கள். எல்லா அடியையும் ஒரே அளவாக்கும் ‘ஃபுல் லெவல்’ அல்லது ‘ஃபிக்ஸட் வெலாசிட்டி’ போட்டிருந்தால் அதையும் அணையுங்கள். பல புகார்கள் இந்த ஒரே பட்டனில் முடிந்துவிடும். ஒரு பேடில் 16 அடி மெல்ல, 16 அடி நடுத்தரமாக, 16 அடி பலமாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு எடிட்டரில் ஒவ்வொரு அடியின் வெலாசிட்டியையும் பாருங்கள்.

மெல்லிய அடிகள் 20 முதல் 45 வரை, நடுத்தரம் 60 முதல் 90 வரை, பலமானவை 105க்கு மேல் என்று மூன்று கூட்டமாகப் பிரிந்திருந்தால் உங்கள் பேடில் குறை இல்லை, படி 5க்குப் போய்விடலாம். இல்லையென்றால் எண்களே வழி சொல்லும். மெல்லிய அடிகளில் பாதி பதிவாகவே இல்லை என்றால் திரெஷோல்ட் அதிகம். நடுத்தரமும் பலமும் சேர்ந்து 127இல் முட்டிக்கொண்டு நின்றால் சென்சிட்டிவிட்டி (அழுத்தத்துக்கு எண் எவ்வளவு எளிதாக ஏறுகிறது என்பது) அதிகம். எல்லா எண்ணும் 80க்குக் கீழேயே கிடந்தால் சென்சிட்டிவிட்டி குறைவு, அல்லது உங்கள் விரல் லேசானது. நீங்கள் ஒருமுறை தட்டிய இடத்தில் இரண்டு அடி, இரண்டாவது மிகச் சிறிய எண்ணோடு ஒட்டிக்கொண்டு பதிவாகியிருந்தால் டபுள் டிரிகர்.

ஒரே கூட்டத்துக்குள் எண்கள் 40, 50 என்று எகிறிக் குதித்தால் அது கையா பேடா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் ரப்பர் உள்ள ஒரு பென்சிலை எப்போதும் ஒரே சிறிய உயரத்திலிருந்து விழவிட்டுப் பாருங்கள். குச்சி வேண்டாம் என்றேன், மெல்லிய பென்சிலை விழவிடுவதால் ஒன்றும் ஆகாது. பென்சிலுக்கு எண்கள் சீராக வந்தால் பயிற்சி வேண்டியது விரலுக்கு. இதே சோதனையைக் குறைந்தது நாலு பேடில் செய்யுங்கள். ஒரு பேட் மட்டும் தனியாக நின்றால் குறை சென்சாரில்.

படி 4: திரெஷோல்ட், சென்சிட்டிவிட்டி, கர்வ், இந்த வரிசையில்

முதலில் திரெஷோல்ட். எவ்வளவு அழுத்தத்துக்குக் கீழே இருந்தால் மெஷின் கண்டுகொள்ளக்கூடாது என்பதே அது. மிகக் கீழே இறக்குங்கள். பக்கத்துப் பேடை ஓங்கித் தட்டினால் இது ஒலிக்கும், மேசையை இடித்தாலும் ஒலிக்கும். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி, தானாக ஒலிப்பது நின்ற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம், ஏற்றிய ஒவ்வொரு புள்ளியும் உங்கள் மெல்லிய அடியிலிருந்து கழியும்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. நீங்கள் வாசிக்கும்போது இயல்பாக வரும் மிகப் பலமான அடி 120ஐத் தொட வேண்டும், 127ஐ எப்போதாவது தொட வேண்டும். கோபத்தில் குத்தும் அடியை அளவாக வைக்காதீர்கள்.

கர்வ் கடைசி. நேர்கோட்டுக் கர்வில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ எண்ணும் அவ்வளவு ஏறும். மேல்நோக்கி வளைந்த கர்வில் சின்ன அழுத்தத்துக்கே எண் சட்டென்று ஏறிவிடும். லேசான விரல்காரர்களுக்கு அது வசதி, ஆனால் மேல்பகுதியில் வித்தியாசம் குறைந்துபோகும். கீழ்நோக்கி வளைந்தது அதற்கு நேர் எதிர். மெல்லிய அடிகளில் நிறைய நுணுக்கம் கிடைக்கும், முழு ஒலிக்கு நன்றாக அழுத்த வேண்டும். ஸ்நேரில் உள்ளடங்கிய சின்னச் சின்ன அடிகளை நிறைய வைத்து வாசிப்பவர்கள் இதைத்தான் தேடுவார்கள். ஒவ்வொன்றிலும் படி 3இன் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள். தினமும் கர்வை மாற்றிக்கொண்டிருந்தால் விரல் எதையும் கற்றுக்கொள்ளாது.

படி 5: சாம்பிளைச் சரிசெய்யுங்கள்

முதல் வேலை, சாம்பிளின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. ஒலி தொடங்கும் முன் 10, 15 மில்லி விநாடி மௌனம் இருந்தால் எவ்வளவு நல்ல பேடும் சோம்பலாகத்தான் தெரியும். எம்பி3 ஆக இறக்கிய சாம்பிள்களில் இது அடிக்கடி நடக்கும், அந்த வடிவத்துக்கு மாற்றும்போதே முன்னால் ஒரு சின்ன மௌனம் ஒட்டிக்கொள்ளும். அலை எழும் இடத்துக்கு ஒட்டி வெட்டுங்கள், ‘டிக்’ என்று சத்தம் வந்தால் மிகச் சின்ன ஃபேட் இன் கொடுங்கள். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த சாம்பிள் என்றால், அந்தக் கரகரப்பு வேண்டும் என்று முன்பகுதியை விட்டுவைப்பவர்கள் உண்டு. அது ரசனை, ஆனால் தாமதத்துக்கு பேடைக் குறை சொல்லக்கூடாது.

இரண்டாவது, வெலாசிட்டி ஒலியின் அளவை எப்படி மாற்றுகிறது என்பது. வெலாசிட்டி 64 என்றால் பாதிச் சத்தம் என்று தோன்றும். நேர்விகிதத்தில் வைத்த கருவியில் அது முழு அளவைவிடச் சுமார் 6 டெசிபெல் குறைவு. இருபடி விகிதத்தில் வைத்த கருவியில் சுமார் 12 டெசிபெல் குறைவு. ஒரே பேட், ஒரே அடி, கருவியை மாற்றியதும் ‘பேட் செத்துப்போச்சு’ என்று தோன்றுவதற்கு இதுவே காரணம். எனவே ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். கிக்குக்கு வெலாசிட்டியின் பாதிப்பை 30, 40 சதவீதத்துக்கு இறக்கிவிடுவேன், அடித்தளம் ஆடக்கூடாது. ஹைஹாட்டுக்கு (மிதித்து மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) முழுவதும் விடுவேன், அதன் உயிரே ஏற்ற இறக்கத்தில்தான். பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளுக்கு வெலாசிட்டியே வேண்டாம். அவற்றுக்குள் ஏற்கெனவே ஒரு ஏற்ற இறக்கம் இருக்கிறது, அதன் மேல் உங்கள் விரலும் சேர்ந்தால் துண்டுகள் ஒட்டாது. ஃபுல் லெவல் பட்டனை அழுத்தினால் ஏதோ ஏமாற்று வேலை என்று பேசுகிறவர்கள் இந்தத் துண்டு வேலையைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஒலியின் நிறம். நிஜ டிரம்ஸை மெல்ல அடித்தால் சத்தம் மட்டும் குறைவதில்லை, கூர்மையும் குறைகிறது. ஒரே சாம்பிளின் அளவை மட்டும் ஏற்றி இறக்கினால் தூரத்தில் ஓங்கி அடித்ததுபோலக் கேட்கும், மெல்ல அடித்ததுபோலக் கேட்காது. மெல்ல, நடுத்தரம், பலம் என்று மூன்று பதிவுகள் கிடைத்தால் வெலாசிட்டி 1–50, 51–95, 96–127 என்று ஆளுக்கொரு எல்லை கொடுத்து லேயராக அடுக்குங்கள். எல்லைகளைப் படி 3இல் உங்களுக்குக் கிடைத்த எண்களை வைத்து நகர்த்துங்கள். ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறதா? கூர்மையான ஒலிகளைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டரைப் போட்டு, வெலாசிட்டி ஏறும்போது அது திறக்கும்படி அமையுங்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் விரலுக்கும் ஒலிக்கும் ஒட்டுதல் வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த ஒன்று புது பேட் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

நம்மூர் தாளக் கருவிகளை ஏற்றுபவர்களுக்கு ஒன்று. மிருதங்கத்தின் நம், தீம், சாப்பு எல்லாம் வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விரல் படும் இடத்தாலும் விதத்தாலும் பிரிகின்றன. பேடுக்கு இடம் தெரியாது என்று பார்த்தோம். எனவே அவற்றை ஒரே பேடில் லேயராக அடுக்கினால் உருப்படாது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பேட் கொடுங்கள். வலந்தலைச் சொற்களை எல்லாம் ஒரே மியூட் குரூப்பில் போடுங்கள், அதில் ஒன்று ஒலித்ததும் முந்தையது நின்றுவிடும். ஒரே தோல் என்பதால் மூடிய அடி விழுந்ததும் முந்தைய நாதம் அடங்க வேண்டும். தொப்பியின் (இடப்பக்கத் தோல்) தொம் வேறு குரூப்பில் இருக்கட்டும், அதன் கார்வை வலக்கை அடியில் வெட்டுப்படக்கூடாது. திறந்த, மூடிய ஹைஹாட்டை ஒரே மியூட் குரூப்பில் போடுவதும் இதே காரணத்தால்தான்.

படி 6: தாமதத்தைக் கணக்கிடுங்கள்

தனி மெஷினில் இந்தத் தொல்லை குறைவு. கணினியில் 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் 2.9 மில்லி விநாடி, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. வாசிக்கும்போது 128 வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளியிருந்தால் காற்றிலேயே இன்னொரு 9 மில்லி விநாடி போய்விடும். புளூடூத் ஹெட்போனில் பேட் வாசிக்கவே வாசிக்காதீர்கள். பழைய ஐந்து முள் மிடி கேபிளில் ஓர் அடியின் செய்தி போகச் சுமார் 1 மில்லி விநாடி ஆகும். நாலு பேடைச் சேர்த்து அழுத்தினால் நாலாவது 3 மில்லி விநாடி பின்தங்கும். இது பெரும்பாலும் காதில் படாது.

படி 7: விரலை எடுத்ததும் என்ன ஆக வேண்டும்?

‘ஒன் ஷாட்’ வைத்தால் தட்டியதும் சாம்பிள் முழுவதும் ஓடும், டிரம்ஸுக்கு இதுதான் சரி. ‘கேட்’ அல்லது ‘நோட் ஆன்’ வைத்தால் விரல் இருக்கும்வரை மட்டுமே ஒலிக்கும், குரல் துண்டுகளுக்கும் பேஸுக்கும் இது பொருந்தும். பேட் ஒலியைப் பாதியில் விழுங்குகிறது என்ற புகாருக்கு அநேகமாக இந்த அமைப்பே விடை.

அழுத்திப் பிடிப்பதைப் பற்றிப் பேசும்போது நோட் ரிப்பீட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. எம்பிசியில் அந்தப் பட்டனையும் ஹைஹாட் பேடையும் சேர்த்துப் பிடித்தால் 16இல் ஒரு பங்கு, 32இல் ஒரு பங்கு என்று அடிகள் தானாக ஓடும். விரலின் அழுத்தத்தை மாற்றினால் ஓடும்போதே வெலாசிட்டி ஏறி இறங்கும். சென்சார் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அழுத்தத்தை மெதுவாகக் கூட்டுங்கள், ஒலி படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் தாவினால் சென்சார் தேய்ந்துவிட்டது.

படி 8: கையை அமையுங்கள்

மெஷின் முழங்கை உயரத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். மேசை அதிர்ந்தால் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். விரல் விழுந்து உடனே எழ வேண்டும். அழுத்தத் தொடங்கினால் வேகம் போய்விடும்.

வேகமாக உருட்ட வேண்டிய ஒலியை இரண்டு பேடில் வைத்துக்கொண்டால் இரண்டு கையும் பங்குபோட்டுக்கொள்ளும். மெஷின் மாற்றும்போது கவனம்: எம்பிசியிலும் மஷீனிலும் முதல் பேட் கீழே இடது ஓரம், எஸ்பி-404இல் மேலே இடது ஓரம். கணினியில் உள்ள டிரம் கருவிகள் பெரும்பாலும் கிக்கை 36ஆவது நோட்டிலும் ஸ்நேரை 38ஆவது நோட்டிலும் எதிர்பார்க்கும். கன்ட்ரோலரை இணைத்தும் வேறு ஒலி வந்தால் இந்த எண்களைச் சரிபாருங்கள்.

பயிற்சிக்கு மெட்ரோனோமை 70இல் வைத்து, வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே ஒரு பேடில் நாலு அடி வாசியுங்கள். முதலில் ‘த’ மட்டும் பலம், மற்றவை மெல்ல. அப்புறம் பலத்தை ‘க’வுக்கு நகர்த்துங்கள், பிறகு ‘தி’, பிறகு ‘மி’. பதிவு செய்து எண்களைப் பாருங்கள். பலமான அடிக்கு அடுத்து வரும் அடிதான் எல்லோருக்கும் தன்னறியாமல் ஏறிவிடும். அது 45க்குள் அடங்கும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். தகதிமி வசப்பட்டதும் தகிட, அதன் பிறகு தகதகிட.

படி 9: குவான்டைஸ் வாசிப்பை விழுங்காமல் பாருங்கள்

எம்பிசி60 ஒரு கால் நோட்டை, அதாவது மெட்ரோனோமின் ஒரு தட்டை, 96 பங்காகப் பிரித்தது. 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) ஒரு பங்கு சுமார் 7 மில்லி விநாடி, அந்த அளவுக்குத்தான் உங்கள் நேரம் பதிவாகும். இன்றைய எம்பிசிகள் 960 பங்காகப் பிரிக்கின்றன. அதைவிட முக்கியம் ஸ்விங், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் அடிகளைச் சற்றுத் தள்ளி விடுவது. எம்பிசியில் இது 50 முதல் 75 சதவீதம் வரை. அதே 90 பிபிஎம்மில் 54 வைத்தால் இரண்டாவது பதினாறாம் அடி சுமார் 13 மில்லி விநாடி தள்ளும், 62 வைத்தால் 40. முழுக் குவான்டைஸ் போட்டுவிட்டு ‘பேட், மெஷின் மாதிரி ஒலிக்கிறது’ என்பவர்கள் முதலில் 54 வைத்துப் பார்க்கலாம். ஹைஹாட்டைக் குவான்டைஸ் செய்துவிட்டு ஸ்நேரை மட்டும் விரல் விட்ட இடத்திலேயே விடுவது என் வழக்கம்.

படி 10: எல்லாம் செய்தும் சரியாகாவிட்டால்

முதலில் சுத்தம். சிலிகான் தூசியை இழுக்கும். லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பேடின் மேல் அச்சிட்ட எழுத்தும் அழியும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் உருகும்.

அப்புறம் டேப் வைத்தியம். பேடின் அடிப்பகுதி தட்டையாக இருந்தால் அழுத்தம் சென்சாரில் பரவிப்போகும். பேடைவிடச் சிறிய சதுரமாக மெல்லிய இன்சுலேஷன் டேப்பை வெட்டி, எஃப்எஸ்ஆர் தாளின் மேல் ஒவ்வொரு பேடின் நடுப்பகுதி அமரும் இடத்திலும் ஒட்டினால் அழுத்தம் அங்கே குவியும், பேட் கூர்மையாகும். மெஷினைத் திறந்தால் வாரன்டி போகும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பவர் கேபிளையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுத் திறங்கள். ரப்பரின் அடியில் கருப்புக் கார்பன் புள்ளிகள் இருந்து அவை நேரடியாகச் சர்க்யூட் போர்டைத் தொடும் வகை என்றால் டேப் ஒட்டவே கூடாது, மின்சாரம் பாயும் வழியை அது அடைத்துவிடும். அந்த வகையில் புதிய ரப்பர்தான் தீர்வு.

ஓர் அடுக்கு ஒட்டி, மூடி, படி 3இன் சோதனையைச் செய்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. அளவுக்கு மீறி ஒட்டினால் பேட் எப்போதும் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும், யாரும் தொடாமலே ஒலித்துக்கொண்டிருக்கும். டேப் ஒட்டியதும் படி 4க்குத் திரும்பி, திரெஷோல்டை அடியிலிருந்து மறுபடி ஏற்றி வாருங்கள். பழைய அளவு இப்போது பொருந்தாது.